ஒரே உரை, பல படிகள்: ஓலைச்சுவடி முதல் தேடுபொறி வரை

தமிழ்க் கட்டுரை ஒன்று இணையத்தில் ஐந்து முகவரிகளில் ஒரே உருவில் இருக்கிறது என்று கொள்வோம். அதன் ஆசிரியர் அதனை முதலில் தம் தளத்தில் இட்டார். இதழொன்று இசைவு பெற்று மறுபடி வெளியிட்டது. திரட்டுத்தளம் ஒன்று பெயரை நீக்கிவிட்டுப் படியெடுத்துக்கொண்டது. ஆசிரியரின் தளத்திலேயே அச்சிடுவதற்கான வடிவம் என்று நான்காவது முகவரியும், கைப்பேசிக்கான வடிவம் என்று ஐந்தாவது முகவரியும் தாமாகத் தோன்றின. தேடுபொறி இவ்வைந்தையும் வாசகர்முன் வைப்பதில்லை. ஒன்றைத் தெரிந்தெடுத்து முன்வைக்கிறது. ஏனைய நான்கையும் பின்னே தள்ளிவிடுகிறது. முன்வைக்கப்படும் அந்த ஒன்று எது, அதனை எவ்வாறு தெரிந்தெடுக்கிறது, தமிழுக்கு அத்தெரிவில் நேரும் தனி இடர்ப்பாடு யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

கணினித் துறையினர் இதனை இரட்டை உள்ளடக்கம் என்பர். இது நேற்றுத் தோன்றிய சிக்கல் போலத் தெரியினும், நம் மொழியில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. ஒரே உரைக்குப் பல படிகள் இருக்கும்போது எதனை மூலமாகக் கொள்வது என்பது பதிப்பாசிரியர்களின் அன்றாடக் கவலையாக இருந்தது. அவ்வரலாற்றின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. ஆகவே பழையதிலிருந்தே தொடங்குவோம்.

1887ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில்தான் சென்னையில் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அதே ஆண்டினது. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு நடத்திய சிங்கைநேசன் என்னும் இதழ் தொடங்கியதும், யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி அச்சேறியதும் அவ்வாண்டிலேயே. ஒருபுறம் ஈராயிரமாண்டு மரபின் ஏடுகள் அச்சுக்கு வருகின்றன; மறுபுறம் கடல் கடந்த துறைமுக நகரில் புதிய உரைகள் நேரே அச்சில் பிறக்கின்றன. முன்னதற்குப் படிகள் மிகுதி, மூலம் இல்லை. பின்னதற்கு மூலம் கண்ணெதிரே உண்டு, படிகள் மிகச் சில. இவ்விரண்டு நிலைகளும் இன்றைய இணையத்தில் ஒருங்கே காணப்படுகின்றன.

ஏட்டுப் பதிப்பாசிரியருக்கு நேர்ந்த முதல் இடர் எழுத்தின் வடிவிலேயே இருந்தது. ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஓலை கிழியும் என்பது ஒரு காரணம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. ரகரமும் ஆகாரத்தைக் காட்டும் காலும் ஒரே வடிவின. எனவே 'கரடு' என்பதும் 'காடு' என்பதும் ஏட்டில் ஒன்றே. எதுகை, மோனை, பொருள், உரையாசிரியர் கூற்று ஆகியவற்றை வைத்துக்கொண்டே பதிப்பாசிரியர் இன்னது என்று துணிய வேண்டும். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் நெடில்களை வேறுபடுத்திக் காட்ட முயன்றதன் பின்னணி இதுவே. சுருங்கச் சொன்னால், ஓலையில் ஒரு வடிவத்திற்குப் பல எழுத்துகள். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கணினியில் இது தலைகீழாகப் போவதைப் பின்னர்க் காண்போம்.

ஏடெழுதியோரிடம் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. பல சுவடிகளின் இறுதியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது என்னும் குறிப்பு காணப்படும். சிலவற்றில் எவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்பதும் உண்டு. அக்குறிப்பு உள்ள ஏடு, தான் ஒரு படி என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களும் இதற்கு நெருங்கிய வழக்கத்தைக் கொண்டிருந்தன. ஒரு தாளின் செய்தியை மற்றொன்று எடுத்து வெளியிடுவது உலகெங்கும் இயல்பாக நடந்தது. எடுத்த தாளின் பெயரைச் சுட்டுவது நாகரிகமாகக் கருதப்பட்டது. சுட்டாமல் விட்டவர்களும் உண்டு. மனித இயல்பு இணையத்தால் மாறிவிடவில்லை.

இனிக் கணினிக் காலத்திற்கு வருவோம். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு ஆட்சிமொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் எழுத்து தோன்றிய தொடக்ககால நிகழ்வுகளுள் இது முதன்மையானது. இதற்கு உழைத்தவர்களுள் ஒருவர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தாம் உருவாக்கிய முறைக்கு அவர் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைந்து 'கணியன்' என்று பெயரிட்டார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ அவருக்குத் துணைநின்றார். சிறுகதை எழுத்தாளரான தமிழாசிரியர் ஒருவரும் தமிழரல்லாத அறிவியலாளர் ஒருவரும் சேர்ந்து இப்பணியைச் செய்தனர் என்பது எழுதப்பட வேண்டிய செய்தி. நம் பாடநூல்களில் இதற்கு இன்னும் சற்று இடம் தரலாம் என்பது எமது கருத்து.

அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர் பலர். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் இருந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேலைநாடுகளிலும் வெவ்வேறு எழுத்துருக்கள் இருந்தன. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. அன்றைய எட்டுத் துணுக்கு முறையில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்திற்குப் போய்விட்டால் எஞ்சுவது 128. நம் எழுத்துகளோ 247. ஆகவே எழுத்துகளைக் கொம்பு, கால், சுழி என்று துண்டுகளாக்கி அவ்விடங்களில் அடுக்கினர். ஒருவர் அடுக்கிய வரிசையை மற்றவர் பின்பற்றவில்லை. இதனால் 'அம்மா' என்னும் ஒரு சொல் பத்து எழுத்துருக்களில் பத்து எண்தொடர்களாக நின்றது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. தேடுபொறிக்குக் கண் இல்லை. எண்ணை மட்டுமே அது ஒப்பிடும். ஒரே கட்டுரை இரண்டு எழுத்துருக்களில் இருந்தால் அவற்றை இருவேறு மொழிகளின் ஆவணங்கள் போலவே அது கொண்டது. ஓலையில் ஒரு வடிவத்திற்குப் பல எழுத்துகள் என்றோம். இங்கு ஓர் எழுத்திற்குப் பல குறிகள்.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டே 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டிற்குப் பின் தமிழ்நாட்டரசு 'தமிழ் 99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியேற்றங்களையும் ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் இணையவழித் தமிழ் ஆர்வலர்கள் 'டிஸ்கி' என்னும் மற்றொரு குறியேற்றத்தை வளர்த்திருந்தனர். 2000ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. கோவிந்தசாமி அதனைக் காணவில்லை. 1999 மே மாதம் அவர் மறைந்துவிட்டார்.

தரம் ஒன்றாக வேண்டும் என்று கூடியவர்கள் இரண்டு மூன்று தரங்களோடு கலைந்தனர் என்று எள்ளல் செய்வது எளிது. ஆனால் அந்த வாதங்கள் வெறும் பிடிவாதமல்ல. அவற்றின் அடியில் ஒரு மொழியியல் வினா இருந்தது: கணினி சேமிக்க வேண்டியது எழுத்தின் வடிவையா, எழுத்தையா? 'கெ' என்பதை டிஸ்கியும் டாப்பும் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், முதலில் கொம்பு, பின்னர்க் ககரம் என்று சேமித்தன. ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் அதன்பின் எகரக் குறியையும் சேமிக்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பிய நூன்மரபு கூறுவதை இங்கு நினைக்கலாம். அம்மட்டில் ஒருங்குறியின் வரிசை நம் இலக்கணத்திற்கு நெருக்கமானது. ஆயினும் இந்திய மொழிகள் அனைத்திற்கும் வகுத்த பொது அமைப்பிலிருந்து அது வந்தமையால், ககரத்தை அடிப்படையாக வைத்து மெய்யைப் புள்ளியிட்டுப் பெறுகிறது. இலக்கணமோ மெய்யையே அடிப்படையாகக் கொள்ளும். இக்குறை சுட்டப்பட்டது, இன்றும் சுட்டப்படுகிறது. 2010 ஜூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபோது, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' என்னும் முறையையும் உடன் ஏற்றது. இலக்கண நோக்கில் அதற்கு நியாயம் உண்டு. தேடுதல் நோக்கில் இரண்டு தரம் என்பது தரமின்மைக்கு மறுபெயராகிவிடும் என்பது எமது எண்ணம். நடைமுறையில் உலகம் ஒருங்குறியோடு சென்றுவிட்டது.

ஒருங்குறி வந்தபின் சிக்கல் முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். பெருமளவு முடிந்தது உண்மை. எஞ்சியிருப்பது சிறிதெனினும், தெரியாதவரை அலைக்கழிப்பது.

'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது கொம்பையும் காலையும் இரண்டு எண்களாக வைக்கலாம். இவ்விரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதித்திருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணரும் ஒழுங்குபடுத்தல் முறையையும் வகுத்திருக்கிறது. நல்ல மென்பொருள் அதனைச் செய்துவிடும். ஔகாரத்தில்தான் மாணவர் பலர் தவறுகின்றனர். 'ஔவையார்' என்னும் பெயரை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதிவிடுகின்றனர். அச்சில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது 'ஒ', 'ள', 'வை' என்று தொடங்கும் வேறொரு சொல். ஒருங்குறி இவ்விரண்டையும் ஒன்றென விதிக்கவில்லை. விதிக்கவும் முடியாது, ஏனெனில் 'ஒளி' என்னும் சொல்லில் ஒகரமும் ளகரமும் உண்மையிலேயே அடுத்தடுத்து வருகின்றன.

இன்னோர் எடுத்துக்காட்டிற்குக் காத்தோங்கிற்குச் செல்வோம். அங்கே சிலோன் சாலையில் இலங்கைத் தமிழர் போற்றி வளர்த்த ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை கண்டெடுக்கப்பட்டது என்பது அதன் தலவரலாறு. அக்கோயிற்பெயரின் முதலெழுத்தாகிய 'ஸ்ரீ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படக்கூடியது. பழைய முறை, ஸகரத்திலிருந்து அதனை ஆக்கியது. 2005இல் வந்த ஒருங்குறியின் 4.1 பதிப்பு, வடமொழிச் சகர ஒலிக்கெனத் தனியெழுத்தொன்றைச் சேர்த்தபின், அதிலிருந்து ஆக்குவதே சரியானது என்றாயிற்று. எழுத்துருவில் இரண்டும் அணுவளவும் வேறுபாடின்றித் தோன்றும். எண்ணிலோ இரண்டும் வேறு. இவ்விரண்டையும் சமம் என ஒருங்குறி விதிக்கவில்லை. ஒருமுறை நிலைபெற்ற சமன்பாட்டு விதிகளைப் பின்னர் மாற்றுவதில்லை என்பதும் அதன் உறுதிமொழி. ஆகவே ஒரு கோயிலின் வரலாற்றை ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றொருவர் வேறொரு விசைப்பலகையிலும் தட்டினால், ஒரே தலைப்பு இரு தலைப்புகளாகும். இதனோடு செண்பகம், சண்பகம், செம்பகம் என்னும் வழக்குகளும் சேர்ந்தால் எத்தனை வடிவங்கள் என்பதை மாணவர்களே பெருக்கிப் பார்க்கலாம்.

எழுத்தளவில் ஒன்றாயினும், இரண்டு உரைகள் ஒன்றா என்பதைத் தேடுபொறி எவ்வாறு அறிகிறது? சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய அதே 1997ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவன ஆய்வகத்தில் ஆண்ட்ரே புரோடர் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒரு வழி கண்டனர். ஆல்டாவிஸ்டா என்னும் அந்நாளைய தேடுபொறி திரட்டிய 3 கோடி ஆவணங்களில் அதனைச் செய்து பார்த்தனர். அத்தாப்புக் கூரையில் ஒவ்வோர் ஓலை வரிசையும் அடுத்ததன்மேல் பாதி ஏறிக் கிடப்பதுபோல, உரையின் சொற்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அடுக்குகளாக எடுப்பதே அவ்வழி. முதல் மூன்று சொற்கள் ஓர் அடுக்கு, இரண்டாவது முதல் நான்காவது வரை அடுத்த அடுக்கு, இவ்வாறே இறுதிவரை. இரண்டு உரைகளுக்கும் பொதுவான அடுக்குகள் எத்தனை, மொத்த வேறு வேறு அடுக்குகள் எத்தனை என்று கண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒப்புமை அளவு கிடைக்கும். முழுதும் ஒன்றாயின் அது 1. சிறிதும் ஒவ்வாதாயின் 0.

இதனைத் தமிழில் செய்து பார்ப்போம். 'அவள் நூலகத்தில் பழைய கதையைப் படித்துக்கொண்டிருந்தாள்' என்பது மூலம். படியெடுத்தவர் ஒற்றை விட்டும் சொல்லைப் பிரித்தும் 'அவள் நூலகத்தில் பழைய கதையை படித்துக் கொண்டிருந்தாள்' என்று எழுதுகிறார். வேறு மாற்றம் ஏதுமில்லை. மூலத்தில் ஐந்து சொற்கள். மூன்று சொல் அடுக்குகள் மூன்று. படியில் ஆறு சொற்கள், அடுக்குகள் நான்கு. இரண்டிற்கும் பொதுவானது 'அவள் நூலகத்தில் பழைய' என்னும் ஒன்றே. வேறு வேறு அடுக்குகள் மொத்தம் ஆறு. ஒப்புமை ஆறில் ஒரு பங்கு! தமிழறிந்த எவரும் ஒரே வாக்கியம் என்று சொல்லும் இரண்டும், சொற்களை உள்ளவாறே எடுக்கும் எந்திரத்திற்கு ஏறத்தாழ அயலாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் சொல்லெல்லை பெரும்பாலும் உறுதியானது. நம் மொழியில் அது சந்தியாலும், துணைவினைகளைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்காலும் நெகிழ்கிறது. பள்ளியில் வலி மிகும் இடம், மிகா இடம் என்று நாம் கற்பித்ததை மாணவர் மதிப்பெண்ணுக்காக மட்டும் மனத்தில் கொண்டனர். அதற்கு இப்படியொரு பயன் உண்டு என்பதை அவர்களிடம் சொல்லும் காலம் வந்திருக்கிறது.

பின்வந்த முறைகள் இதனினும் நுட்பமானவை. 2007இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுரை, ஒவ்வொரு பக்கத்தையும் 64 துணுக்குகள் கொண்ட கைரேகை போன்ற ஓர் எண்ணாகச் சுருக்கி, 800 கோடிப் பக்கங்களிடையே மூன்று துணுக்குகளுக்கு மேல் வேறுபடாதவற்றை ஒன்றெனக் கொள்ளும் முறையை விளக்கியது. முறை எதுவாயினும், உரையைச் சொற்களாகவோ கூறுகளாகவோ பிரிப்பதே அதன் முதற்படி.

படிகள் ஒரு கூட்டம் என்று அறிந்தபின் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வேலை வருகிறது. இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்க விரும்புகிறோம். உரை இரட்டித்திருப்பதற்காகத் தேடுபொறி தண்டனை தருகிறது என்று பலர் நம்புகின்றனர். வாசகரை ஏமாற்றும் நோக்கில் படிகளைக் குவித்தாலன்றி அப்படித் தண்டனை இல்லை. நேர்வது வேறு: கூட்டத்தில் ஒன்று சார்பாளனாக நிற்கும், மற்றவை நிழலில் போகும். எதற்குப் பிற தளங்களின் இணைப்புகள் மிகுதி, எது பாதுகாப்பான முகவரியில் உள்ளது, தளத்தின் உரிமையாளரே எதனை மூலமென்று அறிவித்திருக்கிறார் என்பன போன்றவை கருதப்படுகின்றன. எழுதியவர் யார் என்பது தேடுபொறிக்கு நேரே தெரியாது.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளருக்கு இழப்பு நேர்வது இவ்விடத்தில்தான். நம் வாசகர் வட்டம் சிறிது. தமிழ்நாட்டுத் தளங்களின் வாசகர் தொகை பெரிது. இங்குப் பிறந்த ஒரு கதை அங்குள்ள திரட்டுத்தளம் ஒன்றில் பெயரின்றிப் படியெடுக்கப்பட்டால், இணைப்புகள் அங்கேயே குவியும், படி மூலமாகிவிடும், மூலம் படியெனத் தள்ளப்படும். பத்தாண்டுக்குப்பின் ஒரு மாணவர் தேடும்போது அக்கதை எந்நாட்டது என்பதற்கே சான்று கிடைக்காது. 2021 நவம்பர் முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் தம் படைப்பின் ஆசிரியராக அடையாளம் காட்டப்பெறும் உரிமையை அளிக்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் தேடுபொறி சட்டநூலைப் படிப்பதில்லை. அதற்கு வேறு குறிப்பு வேண்டும்.

அக்குறிப்பு 2009 பிப்ரவரியில் வந்தது. கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒருங்கே ஒரு முறையை ஏற்றன. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'இதன் மூல முகவரி இன்னது' என்று ஒரு வரி எழுதலாம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கெனானிக்கல்' என்னும் சொல்லின் வேர் கிரேக்கத்தில் அளவுகோலைக் குறிக்கும். ஓலையின் இறுதியில் ஏடெழுதியோன் வைத்த குறிப்பிற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. நான் படி, மூலம் அங்கே என்று இரண்டும் சொல்கின்றன. இது கட்டளையாகாது, குறிப்பே. தேடுபொறி ஏற்கவும் மறுக்கவும் செய்யலாம். ஒரே நிறுவனத்திற்கு இரண்டு முகவரிகள் இருந்தால் இதனினும் உறுதியான வழி, ஒன்றிற்கு வருபவரை மற்றொன்றிற்கு நிலையாகத் திருப்பிவிடுவது. 2011 முதல் நம் நாட்டிற்கு '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் முகவரி ஈறு உண்டு. உலகில் நாட்டுப்பெயர் தமிழெழுத்தில் முகவரியாக நிற்கும் மிகச் சில இடங்களுள் இது ஒன்று. அதனையும் ஆங்கில ஈற்றையும் ஒருங்கே வைத்துக்கொள்ளும் அமைப்புகள் இரண்டிலும் ஒரே பக்கங்களைத் தனித்தனியே ஏற்றிவிடாமல் ஒன்றை மற்றொன்றிற்குத் திருப்பிவிட வேண்டும். மொழிபெயர்ப்பு இதில் சேராது. ஒரு கட்டுரையின் தமிழ் வடிவமும் மலாய் வடிவமும் தேடுபொறிக்கு இரு வேறு உரைகளே.

இவ்வளவு சொன்னதனால் படிகளே கூடாது என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளற்க. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவை என்றென்றைக்குமாகப் போயின. காத்தோங் ஆலயத்தைக் கட்டியெழுப்பிய சமூகத்தின் தாயகத்து நினைவில் அது ஆறாத புண். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்ததும், எவரோ ஒரு மடத்திலும் எவரோ ஒரு வீட்டிலும் படிகள் எஞ்சியிருந்தமையால்தான். 1998இல் கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் திட்டமும் படிகளைப் பெருக்கும் பணியையே செய்கின்றன. மதுரைத் திட்டம் ஒரே நூலை டிஸ்கியிலும் ஒருங்குறியிலும் வைத்திருந்தது. தேடுபொறி நோக்கில் அது இரட்டிப்பு, காப்பு நோக்கில் அது முன்மதி. அதன் கோப்புகளை எவரும் பகிரலாம். முகப்புக் குறிப்பை நீக்காமல் பகிர வேண்டும் என்பதே நிபந்தனை. அக்குறிப்பில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களெல்லாம் உள்ளன. வெட்டி ஒட்டுவோர் முதலில் வெட்டுவது அதனைத்தான்.

சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டை ஒட்டி, தேசிய நூலக வாரியமும் தமிழ் மின்மரபுடைமைத் திட்டக் குழுவினரும் 1965 முதல் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கினர். அருண் மகிழ்நன் அதற்குத் தலைமை தாங்கினார். 1887இன் சதாசிவ பண்டிதருக்கு வாய்க்காத ஒரு நிலை இந்நூலாசிரியர்களுக்கு வாய்த்திருக்கிறது: அவர்கள் நூலுக்கு நிலையான ஒரு முகவரி உண்டு. ஆசிரியரோ அவர் குடும்பத்தாரோ அதே நூலின் கதைகளை வேறிடத்தில் ஏற்ற விரும்பினால் ஏற்றலாம். முதற்பதிப்பின் பெயரும் ஆண்டும் நூலக முகவரியும் அவ்வுரையின் உள்ளேயே, படமாக அன்றி எழுத்தாக, இருக்க வேண்டும். பள்ளிகளில் மாணவர் படைப்புகளைத் தொகுத்து ஏற்றும் ஆசிரியர்களும் இதனையே செய்யலாம். ஆசிரியர் பெயரை ஒருமுறை முதலெழுத்தோடும் ஒருமுறை முழுப்பெயராகவும் எழுதாமல் ஒரே வடிவில் எழுதுவதும், ஏற்றுமுன் ஔகாரத்தையும் கொம்பு கால்களையும் சரிபார்ப்பதும் கால் மணி நேர வேலை.

ஊர்ப்பெயர்களுக்கும் இது பொருந்தும். மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுத நமக்கு இன்னும் ஒருமித்த முறை இல்லை. கடலாமை வகை ஒன்றைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு தொடர்புபடுத்தப்படும் ஓர் ஊர்ப்பெயரை இவ்வுரை முழுதும் காத்தோங் என்றே எழுதியுள்ளோம். கத்தோங், காட்டோங் என்று எழுதுவோரும் உளர். அவ்வடிவங்களையும் இங்கே ஒருமுறை குறித்துவிட்டமையால், எவ்வடிவில் தட்டித் தேடினாலும் இப்பக்கம் அகப்படும். அதில் பகரம் போட்டுத் தேட வேண்டிய இடத்தில் போடாமல் தேடுவோருக்கு மட்டும் எம்மால் உறுதி கூற இயலாது.